உள்ளே வீடியோ, வெளியே ஃபிலிம்: பழைய பிரிட்டிஷ் தொடர்கள் குறித்து வாசகர் கேள்விகள்

லண்டன், சிங்கப்பூர், பினாங்கு என்று உறவுக்காரர்கள் பரவிக் கிடக்கும் ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. அதனாலோ என்னவோ, பாதிப்பேர் தொடரைப் பற்றிக் கேட்கிறார்கள், மீதிப்பேர் அலமாரியில் கிடக்கும் கேசட்டைப் பற்றிக் கேட்கிறார்கள்.

பிபிசியின் பழைய நகைச்சுவைத் தொடரான ‘ஃபால்டி டவர்ஸ்’ பார்க்கிறோம். ஹோட்டலுக்குள் படம் பளிச்சென்று இருக்கிறது. ஹோட்டல் முதலாளி பாசில் ஃபால்டி வாசலைத் தாண்டியதும் நிறம் மங்கிப் புள்ளி புள்ளியாகிவிடுகிறது. எங்கள் டிவியில் கோளாறா?
– ஒரு வாசகர், காரைக்குடி

டிவியைச் சந்தேகிக்க வேண்டாம், எடுத்த விதமே அப்படி. அறைக்குள் நடப்பதெல்லாம் பிபிசி ஸ்டுடியோவில், பல வீடியோ கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்தது. வெளியே நடப்பது 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தது. பாசில் தன் காரை மரக்கிளையால் விளாசுகிறாரே, அந்தக் காட்சி ஃபிலிம். அந்தக் கால ஸ்டுடியோ கேமரா சக்கரம் வைத்த கனமான பீடத்தில் நிற்கும். தடித்த கேபிள் அதைக் கட்டுப்பாட்டு அறையோடு பிணைத்திருக்கும். அதைத் தெருவுக்குக் கொண்டுபோவதென்றால் பந்தய ஒளிபரப்புக்கு வரும் பெரிய வண்டியும் ஒரு பட்டாளமும் வேண்டும். ஃபிலிம் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

வித்தியாசம் நிறத்தோடு நிற்கவில்லை, அசைவிலும் உண்டு. வீடியோ நொடிக்கு 50 அரைப்படங்களாகப் பதிகிறது. ஒருமுறை ஒற்றைப்படை வரிகள், அடுத்தமுறை இரட்டைப்படை வரிகள். ஃபிலிம் நொடிக்கு 25 முழுப்படங்கள். உள்ளே கைவீச்சு வழுக்கிக்கொண்டு போவதும் வெளியே லேசாக வெட்டி வெட்டி நகர்வதும் இதனால்தான். வெளிச்சமும் அப்படியே. பல கோணத்திலிருந்து ஒரே சமயத்தில் எடுப்பதால், எந்தக் கேமராவுக்கும் நிழல் உறுத்தாதபடி அறை முழுக்கச் சமமாக விளக்குப் போட்டாக வேண்டும். அழகு குறைந்தது, ஆனால் நடிகருக்கு எங்கே திரும்பினாலும் முகம் தெரியும் என்ற சுதந்திரம் கிடைத்தது.

வெளிக்காட்சிகளை முதலில் எடுத்து வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வார்கள். பிறகு நாள் கணக்கில் ஒத்திகை. பதிவு நாள் மாலை, ஸ்டுடியோவில் பார்வையாளர்களை உட்காரவைத்துக் கதையை வரிசையாக நடிப்பார்கள். நடுவே வெளிக்காட்சி வரும் இடத்தில் ஃபிலிமைத் திரையில் ஓட்டிக்காட்டி, அதற்கு எழும் சிரிப்பையும் பதிவுசெய்வார்கள். நம் சபா நாடகத்தைப் பல கேமரா வைத்துப் பிடித்தது என்று நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். சிரிப்பு அடங்கத் தொடங்கும்வரை நடிகர் அடுத்த வசனத்தைப் பிடித்து நிறுத்துவது, கதவை அறைந்துவிட்டு ஒரு கணம் நிற்பது எல்லாம் மேடைப் பழக்கம்தான். இந்த உள்-வெளி வேறுபாடு அங்கேயே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ‘மாண்டி பைதான்’ நகைச்சுவைக் குழு அதையே ஒரு காட்சியாக்கிவிட்டது: அறையை விட்டு வெளியே வந்தவர்கள் தாங்கள் ஃபிலிமில் இருப்பதைக் கண்டு பதறி உள்ளே ஓடுகிறார்கள்.

உங்கள் டிவியில் செய்ய வேண்டியது இரண்டு. படத்தின் அளவை 4:3 என்று வையுங்கள். ‘வைட்’, ‘ஜூம்’ போட்டால் ஆட்கள் அகலமாவார்கள், அல்லது தலை வெட்டுப்படும். இருபுறமும் கறுப்புப் பட்டை விழுவதால் 43 அங்குல டிவியில் படம் ஏறக்குறைய 35 அங்குலமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, அசைவை மென்மையாக்கும் வசதியை அணையுங்கள். அது ஃபிலிம் பகுதியையும் வீடியோ போலக் குழைத்துவிடும். கணினியில் விஎல்சி என்ற இலவச வீடியோ மென்பொருளில் பார்க்கும்போது அசையும் உருவத்தின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரிந்தால், வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸைப் (அரைப்படங்களை முழுப்படமாக்கும் வசதி) போட்டு, முறையை ‘யாடிஃப் 2எக்ஸ்’ ஆக்குங்கள். வெறும் ‘யாடிஃப்’ போட்டால் 50 அசைவு 25 ஆகிவிடும், ஸ்டுடியோ காட்சியின் வழுக்கல் போய்விடும்.

இவ்வளவு புகழ் பெற்ற ‘ஃபால்டி டவர்ஸ்’ வெறும் 12 எபிசோட்தானா? நம்மூர் சீரியல் ஆயிரத்தைத் தாண்டுகிறதே.
– ஒரு வாசகர், புதுவயல்

12தான். 1975-இல் 6, 1979-இல் 6. அங்கே ஒரு நகைச்சுவைத் தொடரை ஒருவரோ இருவரோ சேர்ந்து முழுவதும் எழுதுவது வழக்கம். எழுத்தாளர் கூட்டம் வைத்து வாரம் தவறாமல் உற்பத்தி செய்யும் அமெரிக்க முறை அங்கே அதிகம் வேரூன்றவில்லை. ஆகவே ஒரு வரிசைக்கு, அதாவது ஒரு சீசனுக்கு, 6 அல்லது 7 எபிசோட். ‘பிளாக்ஆடர்’ நான்கு வரிசை, ஒவ்வொன்றிலும் 6. ‘யெஸ் மினிஸ்டர்’ மூன்று வரிசை, ஒவ்வொன்றிலும் 7. ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதிய ‘ஃபால்டி டவர்ஸ்’ ஸ்கிரிப்ட், வழக்கமான அரைமணி நேர ஸ்கிரிப்டைவிட மிகத் தடிமன். அதை அரைமணிக்குள் அடைத்ததால்தான் அந்த வேகம். இன்னும் எழுதியிருந்தால் நீர்த்துப் போயிருக்கும்.

எண்பதுகளில் பினாங்கிலிருந்து அம்மான் டிவியில் பதிந்து கொண்டுவந்த விஎச்எஸ் கேசட்டுகள் வளவு அறையில் இருக்கின்றன. டெக்கும் இருக்கிறது. கணினிக்கு மாற்ற முடியுமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

முடியும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, பிரிட்டன் எல்லாம் நம்மைப் போல் ‘பால்’ (PAL) என்ற கலர் டிவி முறையே, ஆகவே நிறச் சிக்கல் வராது. ஆனால் கேசட்டை உடனே டெக்கில் சொருகிவிடாதீர்கள்.

முதலில் கேசட்டின் மூடியைத் தூக்கி, கண்ணாடிச் சாளரம் வழியாகவும் டார்ச் அடித்துப் பாருங்கள். டேப் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடியோ திட்டோ தெரிந்தால் அது பூஞ்சை. மழைச்சாரல் அடிக்கும் முற்றத்தை ஒட்டிய அறைகளில் இது சகஜம். அந்தக் கேசட்டைத் தனியே எடுத்து வையுங்கள். ஒருமுறை ஓட்டினால் பொடி டெக்கின் ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் பகுதி) ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி.

அடுத்து டெக். பல வருஷம் சும்மா கிடந்த டெக்கில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை கல்லாகியிருக்கும். டேப்பைச் ‘சாப்பிடுவது’ இதனால்தான். போனால் போகட்டும் என்கிற கேசட் ஒன்றைப் போட்டு அரைமணி ஓட்டிப் பார்த்த பிறகே முக்கியமானதைப் போடுங்கள். படம் முழுக்கப் பனி கொட்டியும் குரல் தெளிவாகக் கேட்டால் டேப் கெடவில்லை, படத்தைப் படிக்கும் ஹெட் அழுக்கு. குரலுக்குத் தனி ஹெட் இருப்பதால் அது தப்பித்துக்கொள்கிறது. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்தோல் நனைத்து, ஹெட் பதிந்திருக்கும் உலோக உருளையின் பக்கவாட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்த உருளையை மெல்லச் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் நுனி ஒடிந்துவிடும். பஞ்சு வேண்டாம், இழை சிக்கும்.

கேசட்டை முழுக்க முன்னால் ஓட்டி, முழுக்கப் பின்னால் சுற்றினால் இறுக்கம் சமமாகும். இ-180 கேசட் சாதாரண வேகத்தில் 3 மணி நேரம், அதாவது பிபிசி அரைமணித் தொடரின் ஒரு வரிசை சரியாக அடங்கும். பேச்சு கீச்சுக்கீச்சென்று இரு மடங்கு வேகத்தில் வந்தால் அது பாதி வேகத்தில் பதிந்த கேசட், உங்கள் டெக்குக்கு அந்த வசதி இல்லை. வேறு டெக் தேட வேண்டும்.

டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை யுஎஸ்பி கேப்சர் கருவியில் சொருகி, கணினியில் ஓபிஎஸ் என்ற இலவசப் பதிவு மென்பொருளை நிறுவுங்கள். வீடியோ முறை ‘பால் பி’, அளவு 720×576. அமெரிக்க முறையான என்டிஎஸ்சி-யில் இருந்தால் படம் உருளும், அல்லது கறுப்பு வெள்ளையாகும். ஓபிஎஸ் கேன்வாஸ் 768×576, நொடிக்கு 50 படம், டீஇன்டர்லேஸ் ‘யாடிஃப் 2எக்ஸ்’. அசைவு முன்னும் பின்னும் துள்ளினால் ‘ஃபீல்டு’ (அரைப்பட) வரிசையை மாற்றிப் போடுங்கள். 8 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3.6 ஜிபி ஆகும். போகப் போகப் படமும் உதடும் பிரிந்தால் கருவி படங்களைத் தவறவிடுகிறது என்று பொருள். 3 மணி நேரத்தை ஒரே மூச்சில் எடுக்காமல் எபிசோட் எபிசோடாக எடுங்கள்.

மாற்றிய பிறகும் கேசட்டை எறிய வேண்டாம். ஒரு பக்கமாகச் சுற்றி, புத்தகம் போல நிறுத்தி, வெயில் காயும் மாடி அறையில் அல்லாமல் கீழே உள்ளறையில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ஸ்டெபிலைசர், ஸ்பீக்கர் பக்கத்தில் கூடாது.

பிபிசியின் பழைய நகைச்சுவைத் தொடரான ‘டாட்’ஸ் ஆர்மி’யின் முழுத் தொகுப்பு என்று வாங்கினேன். 80 எபிசோட் என்று படித்திருக்கிறேன், மூன்று குறைகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

இல்லை. 1969-இல் வந்த இரண்டாம் வரிசையில் மூன்று எபிசோடுகள் பிபிசியிடமே இல்லை. இரண்டு அங்குல அகல வீடியோ டேப் அப்போது விலை அதிகம், அழித்து மறுபடி பதியலாம். நடிகர் சங்க ஒப்பந்தம் மறுஒளிபரப்பைக் குறுக்கியிருந்தது. கலர் வந்ததும் கறுப்பு வெள்ளைக்குக் கிராக்கி போயிற்று. வீட்டில் கேசட் வைத்துப் பார்ப்பார்கள் என்று அன்று யாரும் எண்ணவில்லை. ஆக, எழுபதுகளின் இறுதிவரை அழித்தார்கள். பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான ‘டாக்டர் ஹூ’-வில் 90-க்கு மேற்பட்ட எபிசோடுகள் இன்றும் கிடைக்காமலே இருக்கின்றன.

மிஞ்சியவை பெரும்பாலும் வெளிநாட்டு விற்பனைக்காக டிவி திரையை ஃபிலிம் கேமராவால் பிடித்த பிரதிகள். 2013-இல் ‘டாக்டர் ஹூ’-வின் 9 எபிசோடுகள் நைஜீரியாவிலிருந்து கிடைத்ததாக அறிவித்தார்கள். இதைவிட வியப்பு, நிறம் மீண்ட கதை. கலர் நிகழ்ச்சியைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பிடித்தபோது, நிறத் தகவல் நுண்ணிய புள்ளிகளாக அதில் விழுந்திருந்தது. அந்தப் புள்ளிகளைக் கணினியால் படித்து நிறத்தைத் திரும்ப எடுத்தார்கள். ‘டாட்’ஸ் ஆர்மி’யின் ‘ரூம் அட் தி பாட்டம்’ அப்படித்தான் 2008-இல் மறுபடி கலரில் வந்தது.

‘அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்’ தொடரில் முதல் எபிசோட் கலர், அடுத்து வருபவை கறுப்பு வெள்ளை, பிறகு மறுபடி கலர். ஏன்?
– ஒரு வாசகி, கோட்டையூர்

சம்பளத் தகராறு. 1970 நவம்பர் முதல் 1971 பிப்ரவரி வரை ஐடிவி என்ற தனியார் டிவி அமைப்பின் தொழில்நுட்ப ஊழியர்கள் கலர் கருவிகளை இயக்க மறுத்தார்கள். வேலை நிற்கவில்லை, கறுப்பு வெள்ளையில் நடந்தது. தகராறு தீர்ந்ததும் முதல் எபிசோடை மட்டும் கலரில் மறுபடி எடுத்தார்கள். வெளிநாட்டில் கறுப்பு வெள்ளைப் பகுதிகளை விட்டுவிட்டு ஒளிபரப்ப வசதியாக அதற்கு இரண்டு முடிவுகள் வைத்தார்கள். 68 எபிசோடுகளும் வரிசையாக வேண்டுமென்றால் கறுப்பு வெள்ளையைத் தாண்டிவிடாதீர்கள்.

முகப்பில் வரவேற்பு, கடைசிக் கட்டில் அடுப்படி என்று பிரிந்த வீடுகளை அறிந்தவர்களுக்கு, மேலே எஜமானர், கீழே பணியாளர் என்று பிரிந்த வீட்டைக் காட்டும் இந்தத் தொடரில் விளக்கவுரை தேவையில்லை. யார் எந்தப் படி வழியாக ஏறுகிறார்கள் என்பதை மட்டும் கவனித்து வாருங்கள், பாதிக் கதை அதில் இருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவைப் பற்றிய ‘தி ஜுவல் இன் தி கிரவுன்’ தமிழ்நாட்டில் எடுத்ததா?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

இல்லை. மைசூர், உதய்ப்பூர், சிம்லா. உட்புறக் காட்சிகளில் பல மான்செஸ்டரில், தயாரித்த கிரனாடா டிவி நிறுவனத்தின் இடத்தில். அங்கே ஒரு தீ விபத்தில் செட்டுகள் எரிந்து மறுபடி கட்டினார்கள். 1984-இல் வந்த 14 எபிசோடும் உள்ளே வெளியே என்ற பேதமில்லாமல் 16 மில்லிமீட்டர் ஃபிலிம். முதல் கேள்வியில் சொன்ன தாவல் இதில் இருக்காது.

பள்ளிக்கூட ஆங்கிலம் படித்த எங்கள் ஆத்தாவுக்கு எதில் தொடங்கலாம்? ‘மைண்ட் யுவர் லாங்வேஜ்’ நல்லதா?
– ஒரு வாசகி, கண்டனூர்

ஜெரமி பிரெட் நடித்த கிரனாடாவின் ‘ஷெர்லாக் ஹோம்ஸ்’ நல்ல தொடக்கம். உச்சரிப்பு திருத்தம், ஒவ்வொரு கதையும் தனி. பிறகு ‘தி குட் லைஃப்’: வேலையை விட்டுவிட்டு நகரத்து வீட்டுக் கொல்லையில் காய்கறி போட்டு, பன்றியும் கோழியும் வளர்க்கும் தம்பதி. ‘யெஸ் மினிஸ்டர்’ பேச்சு தெளிவுதான், ஆனால் அதில் வரும் உயர் அதிகாரி சர் ஹம்ஃப்ரியின் ஒரு வாக்கியம் மூச்சுமுட்ட நீளும். அதைப் பத்து எபிசோட் பழகிய பிறகு போடுங்கள். மளிகைக் கடைக் கதையான ‘ஓப்பன் ஆல் அவர்ஸ்’ ஆத்தாவுக்குப் பிடிக்கும், ஆனால் வட இங்கிலாந்துப் பேச்சு, கடைக்காரருக்குத் திக்குவாய் வேறு. சப்டைட்டில் இல்லாமல் முடியாது. சப்டைட்டில் சிரிப்பு வரியை முன்கூட்டியே காட்டிக் கெடுத்தால் விஎல்சியில் அரை நொடி தாமதம் வையுங்கள்.

‘மைண்ட் யுவர் லாங்வேஜ்’ 1977 முதல் 1979 வரை 29 எபிசோட். நாட்டுக்கு ஒரு கேலிச்சித்திரம் என்ற ஒரே சூத்திரம். புண்படுத்துகிறது என்று நிறுத்தியதும் அதைத் தயாரித்த லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் நிறுவனத்தின் மேலதிகாரி மைக்கேல் கிரேட்தான். சீக்கியராக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் பிறந்தவர். நடிகர்கள் கெட்டிக்காரர்கள், எழுத்து சோம்பேறி. மூன்று பார்த்தால் மீதி தெரிந்துவிடும்.

லண்டனிலிருந்து மகன் அனுப்பிய டிவிடி ‘ரீஜன்’ பிழை காட்டுகிறது.
– ஒரு வாசகர், ஆத்தங்குடி

ரீஜன் என்பது டிவிடி எந்தப் பகுதி நாடுகளில் ஓடும் என்று காட்டும் எண். பிரிட்டன் 2, இந்தியா 5. உறையின் பின்னால் உலக உருண்டைப் படத்துக்குள் எண் இருக்கும். ‘0’ என்றால் எங்கும் ஓடும். பல மலிவு பிளேயர்களில் ரிமோட் குறியீடு ஒன்றால் தடையை நீக்கலாம், மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். கணினி டிரைவில் ரீஜனை மாற்றுவதானால் 5 முறைதான் அனுமதி, கடைசியாக வைத்தது நிலைத்துவிடும். அதற்கு முன் விஎல்சியில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கேட்காமலே ஓட்டிவிடும். ப்ளூ-ரே என்றால் பிரிட்டன் ‘பி’, இந்தியா ‘சி’. இந்தத் தடைக்குப் பயந்து அமெரிக்கப் பதிப்பை வாங்க வேண்டாம். அதுவும் நமக்கு வேறு ரீஜன். தவிர, அமெரிக்க முறைக்காக நொடிக்கு 50 அசைவை 60 ஆக்கும்போது உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டுத் தெரியும்.