12 மாத ஒப்பந்தத்தை ஐந்தே மாதத்தில் முடித்துவிட்டார்கள், மீதிப் பணத்தைக் கேட்க முடியுமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 31, கோவையில் ஃப்ரீலான்ஸ் வெப் டெவலப்பராக இருக்கிறேன். ஏப்ரலில் ஒரு நிறுவனம் மாதம் 60,000 ரூபாய் என்று 12 மாதத்துக்கு ஒப்பந்தம் போட்டது. ஒரு வருட வேலையாயிற்றே என்று வழக்கமாக வாங்கும் 75,000 ரூபாயை நானே குறைத்துக்கொண்டேன், இஎம்ஐயில் லேப்டாப்பும் ஸ்கூட்டரும் வாங்கினேன். ஆகஸ்ட் 28 அன்று ‘செப்டம்பரிலிருந்து வேலை தேவையில்லை’ என்று மெயில் வந்தது. ஆகஸ்ட் மாதப் பணமும் பாக்கி. 30 நாள் நோட்டீஸ் கொடுத்து யார் வேண்டுமானாலும் விலகலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. இன்னொரு கிளையன்ட் மாதம் 22,000 தருகிறார். என் செலவு வாடகை, வீடு, அம்மா மருந்து, இஎம்ஐ, 6,000 ரூபாய் எஸ்ஐபி எல்லாம் சேர்த்து 50,000. சேமிப்பு 1,90,000, நான்கு மாதம்கூட வராது. பர்சனல் லோன் எடுக்கலாமா? மீதி ஏழு மாதத்துக்கான 4,20,000 ரூபாயைக் கேட்க முடியுமா?

பதில்: முதலில் லோன் வேண்டாம். உங்கள் நிலைமை நீங்கள் போட்ட கணக்கைவிட நன்றாகவே இருக்கிறது. 1,90,000-ஐ 50,000-ஆல் வகுத்திருக்கிறீர்கள், ஆனால் மாதம் 22,000 இன்னும் வந்துகொண்டுதானே இருக்கிறது? எஸ்ஐபியை ஆறு மாதம் நிறுத்தி வையுங்கள் (போட்ட பணத்தை எடுக்க வேண்டாம், புதிதாகப் போடுவதை மட்டும் நிறுத்தினால் போதும்). செலவு 44,000 ஆகிவிடும், மாதம் விழும் துண்டு 22,000தான். அவசரத்துக்கு 40,000 தனியாக எடுத்து வைத்துவிட்டால்கூட மீதி 1,50,000 ஆறு மாதத்துக்கு மேல் தாங்கும். கிரெடிட் கார்டு பாக்கியை மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள், மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போகும், வருடக் கணக்கில் அது 40 சதவீதத்தைத் தொட்டுவிடும். மருத்துவக் காப்பீடு இருந்தால் அதன் பிரீமியத்திலும் கை வைக்க வேண்டாம், பாலிசி காலாவதியாகிவிட்டால் இத்தனை வருடம் கழித்த காத்திருப்புக் காலம் (சில நோய்களுக்குக் காப்பீட்டுப் பணம் தராத ஆரம்பக் காலம்) எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

சரி, 4,20,000. கிடைக்காது. சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை நம்பி ஒரு மாதம்கூட நீங்கள் திட்டம் போடக் கூடாது. 30 நாள் நோட்டீஸில் விலகலாம் என்று நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அந்த வரி இருக்கும்வரை ‘12 மாதம்’ என்பது எதிர்பார்ப்பு மட்டும்தான், உங்களிடம் உண்மையில் இருந்தது ஒரு மாத ஒப்பந்தம். ஆனால் அவர்கள் அந்த 30 நாளைக்கூடத் தரவில்லையே, அங்கேதான் உங்கள் உரிமை இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 73-இன்படி ஒப்பந்தத்தை மீறியதால் நேராக ஏற்பட்ட நஷ்டத்தைக் கேட்கலாம், உங்கள் விஷயத்தில் அது நோட்டீஸ் காலத்துக்கான சுமார் 60,000. நஷ்டத்தைக் குறைக்க நீங்களும் முயன்றீர்களா என்பதையும் அதே பிரிவு பார்க்கச் சொல்கிறது, அதனால் புது வேலை தேடி அனுப்பும் மெயில்களை அழித்துவிடாதீர்கள்.

ஆகஸ்ட் பாக்கி முற்றிலும் வேறு விஷயம், அது செய்து முடித்த வேலைக்கான கூலி. உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) எடுத்திருக்கிறீர்களா? இந்த வேலை தொடங்கும் முன்பே எடுத்திருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்தில் என்ன நாள் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இன்னொன்று, இப்படி இழுத்தடிக்கும் தொகையை, கொடுக்கும்வரை அவர்கள் வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. அவர்களுடைய ஆடிட்டருக்கு இது நன்றாகவே தெரியும், அதனால் உங்கள் மெயிலில் உத்யம் எண்ணைப் போட்டு, அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் வசதியாக்கக் குழுவுக்கு (இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் அரசுக் குழு) ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம், அதற்குக் கோவையிலேயே குழு இருக்கிறது. பதிவு இல்லையென்றால் இன்றைக்கே எடுங்கள், இலவசம்தான், ஆனால் இந்தப் பாக்கிக்கு அதை நம்ப வேண்டாம். இதற்கு வக்கீல் நோட்டீஸ், அப்புறம் சிவில் வழக்கு, அதற்கு மூன்று வருட அவகாசம் உண்டு.

கோபத்தில் அவர்களுடைய தளத்தை முடக்குவது, பாஸ்வேர்டை மாற்றுவது மாதிரி எதையும் செய்துவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்படிச் செய்துவிட்டு, பாக்கியைக் கேட்கப் போன இடத்தில் பதில் சொல்லிக்கொண்டு நின்றார். ‘பாக்கி வந்ததும் இரண்டு நாளில் எல்லாவற்றையும் ஒழுங்காக ஒப்படைக்கிறேன்’ என்று எழுதுங்கள், அது போதும்.

டிடிஎஸ்ஸையும் (உங்களுக்குத் தரும்போதே அவர்கள் பிடித்துக் கட்டும் வருமான வரி) மறந்துவிடாதீர்கள். 10 சதவீதம் பிடித்திருந்தால் ஐந்து மாதத்துக்கு 30,000 ரூபாய். உங்கள் ஆண்டு வருமானம் 12 லட்சத்துக்குள்தான் வரும், புதிய வரி முறையில் வரியே இருக்காது, அதனால் ரிட்டர்ன் போட்டால் முழுத் தொகையும் திரும்பி வரும். உங்கள் பான் கணக்கில் அது ஏறியிருக்கிறதா என்று வருமான வரித்துறைத் தளத்தில் இப்போதே பாருங்கள். ஆனால் கைக்கு வர அடுத்த வருடம் ஆகும், இந்த ஆறு மாதக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்த 15,000 ரூபாய்த் தள்ளுபடிதான். ஒரு வருடம் என்ற வாக்குக்காக விலையைக் குறைத்தீர்கள், வாக்கு போனபோது தள்ளுபடி மட்டும் அவர்களிடமே தங்கிவிட்டது, ஐந்து மாதத்தில் 75,000 ரூபாய். இனி தள்ளுபடி கொடுத்தால், பாதியில் முடித்தால் அதுவரை பெற்ற தள்ளுபடியைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள், நோட்டீஸை 60 நாளாக்குங்கள், மாதப் பணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் முன்பணத்துக்கு ஒத்துக்கொள்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அப்புறம், புது இஎம்ஐ எடுக்கும் முன் ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் என்று பார்க்காமல் எத்தனை நாள் நோட்டீஸ் என்று பாருங்கள், அந்த நாட்களுக்கான பணம்தான் உறுதியான வருமானம்.

அந்த 22,000 கிளையன்டோடு எத்தனை நாள் நோட்டீஸ்? நீங்கள் எழுதவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், எழுத்தில் எதுவுமே இல்லை என்றால் இந்த வாரமே அவரிடம் பேசி ஒரு மெயிலாவது வாங்கிவிடுங்கள்.