பல் கிளினிக்கில் ஊசி குத்தினால் டெற்றோல் போதாது

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி இரண்டு வரிதான், பல் கிளினிக்கில் உதவிக்கு நிற்கும் தங்கச்சி. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு எதிரான தடுப்பூசியால் பிள்ளை தங்காமல் போகுமா, நரம்பு வருத்தம் வருமா என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். போன சனிக்கிழமை விறைப்பூசிக்கு மூடி போடும்போது விரலில் குத்தியதும், டெற்றோல் தடவி, பாமசியில் அமொக்சிசிலின் வாங்கிக் குடித்துவிட்டு டொக்டரிடம் சொல்லாமல் இருந்ததும் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்கு நேரடியாகப் பதில் அனுப்பியாயிற்று. இங்கே எழுதுவது உப்புவெளியிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ இதே மாதிரி மறைத்து வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து.

அமொக்சிசிலின் பக்டீரியாவுக்குரிய மருந்து. ஊசித் துளைக்குள் நின்ற இரத்தத்தில் வைரஸ் இருந்தால் அதை இது ஒன்றும் செய்யாது. கீழ்க்காய்நெல்லிச் சாறும் செய்யாது. ஊசி குத்தினால் உடனே குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். காயத்தைப் பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம், குளோரின் ஊற்ற வேண்டாம். யாருக்குப் போட்ட ஊசி, எத்தனை மணிக்குக் குத்தியது என்று எழுதி வையுங்கள். பிறகு வேலை முடியட்டும் என்று பார்க்காமல் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஹெபடைடிஸ் பி உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாதவருக்குக் குத்தினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 வீதம் வரை. எச்.ஐ.வி. என்றால் சுமார் 0.3 வீதம். எல்லோரும் பயப்படுவது இரண்டாவதுக்கு, பல் கதிரைக்குப் பக்கத்தில் கூடுதலாகப் பயப்பட வேண்டியது முதலாவதுக்கு. பாதுகாப்பு இல்லாதவருக்கு ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் (ஏற்கெனவே உருவான எதிர்ப்புச் சக்தி கொண்ட ஊசி) ஒரு இடத்திலும் தடுப்பூசி இன்னொரு இடத்திலும் போடுவார்கள். 24 மணி நேரத்துக்குள் போடுவதுதான் நல்லது. 7 நாள் கடந்தால் இம்யூனோகுளோபுலினால் பயன் கிடைக்கும் என்று நம்ப முடியாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அந்த நோயாளி யார் என்று தெரிந்தால், அவருடைய சம்மதத்தோடு அவர் இரத்தத்தையும் பார்ப்பார்கள். உங்கள் இரத்தத்தை அன்றைக்கும், பிறகு 6 கிழமை, 3 மாதம், 6 மாதம் என்றும் பார்ப்பார்கள். அதுவரை இரத்ததானம் செய்ய வேண்டாம். தையில் வைத்த கலியாணத்தைத் தள்ளிப் போடத் தேவையில்லை. எச்.ஐ.வி. முடிவு தெளிவாகும் வரை ஆணுறை போதும்.

குத்திய மூன்றாம் நாளே குமட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஹெபடைடிஸ் அல்ல. இந்த வைரஸ் வெளிக்காட்ட 2 முதல் 5 மாதம் எடுக்கும். வெறும் வயிற்றில் விழுங்கிய குளிசையும் பயமும்தான் குமட்டலுக்குக் காரணமாக இருக்கும்.

இனித் தடுப்பூசி. எட்டு மாதத்துக்கு முதல் போட்ட ஒன்றோடு நிறுத்தியது கை வீங்கிக் காய்ச்சல் அடித்ததால் என்கிறீர்கள். ஒன்றிரண்டு நாள் நோவும் காய்ச்சலும் சாதாரணம், பனடோல் போதும். அடுத்த ஊசியைத் தடுக்கக்கூடிய அறிகுறி ஒன்றுதான்: போட்டுச் சில நிமிடங்களில், அல்லது ஒரு மணி நேரத்துக்குள், உடம்பெல்லாம் தடிப்பு எழும்பி, தொண்டை இறுகி, மூச்சு முட்டி, தலை சுற்றி விழுவது. அது ஏறக்குறைய பத்து இலட்சம் ஊசிக்கு ஒன்று. போட்ட பிறகு 15 நிமிடம் இருந்துவிட்டுப் போகச் சொல்வது அதற்காகத்தான்.

இந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, மனித இரத்தமும் இல்லை. பேக்கரியில் பாண் மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டில் வளர்த்தெடுத்த வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும் இருக்கிறது. அது கருப்பைக்கும் போவதில்லை, முட்டையையும் தொடுவதில்லை. கர்ப்பிணிக்கே போடும் ஊசி இது. நரம்பு வருத்தக் கதை பிரான்ஸில் எழுந்தது. 1998 இல் அங்கே பாடசாலைகளில் இந்த ஊசியை நிறுத்தினார்கள். பிறகு செய்த பெரிய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை. வாட்ஸ்அப்பில் இன்றைக்கும் வருவது அந்தப் பழைய கதைதான், முடிவை வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள்.

விட்ட ஊசியை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இப்போது இரண்டாவது, அதற்கு 2 மாதமாவது கழித்து மூன்றாவது. தோள்பட்டைத் தசையில்தான் போட வேண்டும், பிட்டத்தில் போட்டால் சரியாக வேலை செய்யாது. கடைசி ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைப் பார்க்க வேண்டும். மில்லிலீற்றருக்கு 10 மில்லி அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. இம்யூனோகுளோபுலின் போட்டவர்கள் மட்டும் அதற்குப் பிறகு 6 மாதம் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடன் வாங்கிய சக்தியைச் சொந்தம் என்று காட்டிவிடும். இலங்கையில் குழந்தைகளுக்கு இந்த ஊசி 2003 இலிருந்துதான் படிப்படியாக வந்தது. அதற்கு முதல் பிறந்த உங்கள் வயதுக்காரர், சின்னதில் எல்லா ஊசியும் போட்டதுதானே என்று இருந்துவிடக் கூடாது.

கையுறை போடுகிறோம் என்பது பதில் அல்ல. கையுறை ஊசியை மறிக்காது. மூடியைத் தட்டில் கிடத்தி, ஒரு கையால் ஊசியைக் கொண்டு போய் அள்ளி மூட வேண்டும். மூடியை மற்றக் கையில் பிடிப்பதால்தான் குத்துகிறது. விறைப்பூசி போட்டவரே மூடுவது இன்னும் நல்லது. ஆயுதம் கழுவும்போது மெல்லிய கையுறை வேண்டாம், தடித்த றப்பர் கையுறை போடுங்கள். கூர்ப்பொருள் பெட்டி முக்கால் நிரம்பினால் மாற்றுங்கள். காய்ந்த இரத்தத்தில் இந்த வைரஸ் 7 நாள் உயிரோடு இருக்கும். ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்து வைப்பது சுத்திகரிப்பு ஆகாது, கழுவிய பிறகு அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் ஓட்டோகிளேவ்தான்.

நோயாளிகள் கேட்பதற்கு: தடுப்பூசி போட்ட கிழமையில் பல் பிடுங்கலாம், பிடுங்கிய கிழமையில் தடுப்பூசியும் போடலாம். ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்று சொல்பவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். அனுப்பினால் அடுத்த கிளினிக்கில் சொல்லாமல் வாய் திறப்பார்.

இருபது வருடமாகத் தடுப்பூசி போடவில்லை, எனக்கு ஒன்றும் வரவில்லை என்று உங்கள் பல் டொக்டர் சொல்கிறாராம். தொற்றிய வளர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. செங்கமாரி வராதது தொற்று வரவில்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல. இப்போது தொற்று இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.எஸ். ஆன்டிஜன், எப்போதாவது தொற்றியதா என்று காட்டும் கோர் எதிர்ப்பொருள் ஆகிய இரண்டு இரத்தச் சோதனைகளையும் இந்தக் கிழமையே செய்யச் சொல்லுங்கள். தொற்று இல்லையென்றால் அவரும் உங்களோடு வந்து கையை நீட்டட்டும்.