பாதிச் சம்பளமும் பழைய மரியோ கார்ட்டும்

வணக்கம்.

நான் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக நிலைமை சரியில்லை. போன மாதம் எங்களுக்கு உற்சாகமூட்ட ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தார்கள். அவர் ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோவின் கதையைச் சொன்னார். கம்பெனி மூழ்கும் நிலையில் இருந்தபோது அதன் தலைவர் யாரையும் வேலையை விட்டு அனுப்பாமல் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாராம். நெகிழ்ந்துபோன ஊழியர்கள் ராப்பகலாக உழைத்து ஸ்விட்ச் என்ற கேம் கருவியைக் கொடுத்தார்களாம். கம்பெனி பிழைத்துக்கொண்டதாம். பலர் கைதட்டினார்கள். எனக்கு என்னவோ பாட்டி கதை கேட்டதுபோல இருந்தது. இதில் எவ்வளவு உண்மை? ஒரே ஒரு நல்ல பொருள் ஒரு கம்பெனியைக் காப்பாற்றிவிடுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தகவல்கள் பெரும்பாலும் சரி. அவற்றுக்கு நடுவே உங்கள் பயிற்சியாளர் செருகிய ‘அதனால்’தான் இடிக்கிறது.

நின்டெண்டோவின் தலைவர் சத்தோரு இவாட்டா சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்டது ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. முதல் தடவை 2011இல். அந்த பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வெளிவந்த த்ரீடிஎஸ் என்ற, கையில் வைத்து விளையாடும் கைக்கருவி எதிர்பார்த்தபடி போகவில்லை. ஆறு மாதம்கூட ஆகவில்லை, விலையை 15,000 யென்னாகக் குறைத்தார்கள். அதற்கு முன்பே முழு விலை கொடுத்து வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். இரண்டாவது தடவை 2014 ஜனவரியில். அந்த நிதியாண்டில் 90 லட்சம் விற்கும் என்று சொல்லியிருந்த, டிவியோடு இணைத்து விளையாடும் வீ யூ கன்சோல் 28 லட்சம்தான் விற்கும் என்று கணிப்பை மாற்றவேண்டி வந்தது. ஐந்து மாதத்துக்கு அவர் பாதிச் சம்பளம். மரியோ என்ற கேம் பாத்திரத்தை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோவுக்கும் 30 சதவீத வெட்டு.

ஸ்விட்ச் வெளிவந்தது 2017 மார்ச்சில். இவாட்டா 2015 ஜூலையிலேயே 55 வயதில் இறந்துவிட்டார். ஐந்து மாதச் சம்பளக் குறைப்பை நினைத்து மூன்று வருடம் நெகிழ்ந்துகொண்டே வேலை செய்யும் ஊழியர்களை நான் பார்த்ததில்லை.

ஜப்பானில் இப்படிச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வது பங்குதாரர்களிடம் தலைகுனிந்து பொறுப்பேற்கும் ஒரு முறை. மரியாதையான செயல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கம்பெனியின் பள்ளத்தை அது நிரப்பாது. 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டிலிருந்து தொடர்ந்து மூன்று வருடம் நின்டெண்டோ செயல்பாட்டு நஷ்டத்தை, அதாவது தொழிலிலேயே நஷ்டத்தை, காட்டியது. மூன்றாவது வருட நஷ்டம் மட்டும் 4,600 கோடி யென்னுக்கு மேல். ஒருவர் சம்பளம் அதில் எந்த மூலைக்கு?

சரி, அப்படியானால் எது காப்பாற்றியது? முதலில், அவர்கள் மூழ்கவே இல்லை. முந்தைய வீ கன்சோல் 10 கோடிக்கு மேலும், டிஎஸ் கைக்கருவி 15 கோடிக்கு மேலும் விற்றிருந்தன. அந்தப் பணம் வங்கியில் கிடந்தது. பெரிய கடன் எதுவும் இல்லை. விலையைக் குறைத்த பிறகு த்ரீடிஎஸ்ஸும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது, கடைசியில் ஏழரைக் கோடி விற்றது. ஆட்குறைப்பு செய்யாமல் இருக்க முடிந்ததற்கு மனசு மட்டும் காரணமில்லை, பெட்டியில் இருந்த பணமும்தான். வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருப்பவர்களால் உலகத்தை அசத்தும் கேம்களைச் செய்ய முடியாது என்ற பொருளில் இவாட்டா 2013இல் பங்குதாரர்களிடம் சொன்னார். மனிதர் அதை நம்பிச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். நின்டெண்டோவுக்கு வருவதற்கு முன், 1993இல், கடனில் முழுகியிருந்த ஹால் லேபரட்டரி என்ற கேம் கம்பெனியை 33 வயதில் ஏற்று நிமிர்த்தியவர் அவர். அங்கே ஒவ்வொரு ஊழியரோடும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுவதை வழக்கமாக வைத்திருந்தார். அங்கே அவர் கையில் சேமிப்பு இல்லை, கடன்தான் இருந்தது. பயிற்சியாளர் அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

இப்போது வீ யூவுக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே அதுதான். 2012இல் வந்த அந்தக் கன்சோலோடு நடுவில் திரை வைத்த ஒரு பெரிய கட்டுப்பாட்டுக் கருவி கொடுத்தார்கள், பெயர் கேம்பேட். டிவியை வேறு யாராவது பார்க்கவேண்டும் என்றால் அந்தச் சின்னத் திரையிலேயே விளையாட்டைத் தொடரலாம். நல்ல யோசனை. ஆனால் கேம்பேடுக்குள் மூளை கிடையாது. படமெல்லாம் டிவிக்குக் கீழே இருக்கும் பெட்டியிலிருந்து காற்றில் வரவேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனால் அறுந்துவிடும். போதாததற்குப் பெயர்க் குழப்பம். வீ யூ என்றால் பழைய வீயோடு சேர்த்துக்கொள்ளும் உதிரிக் கருவி என்று நினைத்தவர்கள் ஏராளம். சொந்த கேம்கள் தாமதமாகவே வந்தன. கேம் செய்து தரும் வெளி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக நழுவின. ஆயுள் முழுக்கச் சேர்த்து சுமார் 1.35 கோடிதான் விற்றது.

ஆனால் அதில் வந்த மரியோ கார்ட் 8 என்ற கார்ப் பந்தய கேமைப் பாருங்கள். 84 லட்சம் பிரதிகள் போயின. வீ யூ வைத்திருந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் என்ற கணக்கு. அதே கேமைச் சில சேர்க்கைகளோடு 2017 ஏப்ரலில் ஸ்விட்ச்சுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றுவரை 6 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. கிட்டத்தட்ட அதே கார், அதே பாதை. சரக்கில் கோளாறு இல்லை, விற்ற கடையில்தான் கோளாறு. ஸ்விட்ச்சோடு முதல் நாளே வந்து எல்லோரையும் வாயடைக்க வைத்த செல்டா கேமும் முதலில் வீ யூவுக்காகத் தொடங்கியதுதான். 2015இல் வருவதாக இருந்து, தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் இரண்டு கன்சோல்களிலும் ஒரே நாளில் வந்தது. தோற்றுப்போன கருவிக்காகச் சமைத்தவை வீணாகவில்லை.

ஸ்விட்ச் என்பதே வீ யூவின் யோசனையை ஒழுங்காகச் செய்து முடித்ததுதான். மூளையைத் திரைக்குள் வைத்துவிட்டார்கள். டிவிக்குக் கீழே மிஞ்சியது வெறும் தாங்கி. செருகினால் டிவியில் ஆடலாம், உருவினால் கையோடு எடுத்துப் போகலாம். சிப்கூட அதற்கென்று பிறந்த அதிசயம் அல்ல. சிப் நிறுவனமான என்விடியா 2015லேயே தன் சொந்தக் கருவியில் போட்டுவிட்ட டெக்ரா எக்ஸ்1 வகை. பழகி, விலை இறங்கிய தொழில்நுட்பத்தை எடுத்து அதற்கு யாரும் யோசிக்காத வேலையைக் கொடு என்பது கேம்பாய் என்ற பழைய கைக்கருவியைச் செய்த குன்பேய் யோகோய் காலத்திலிருந்து அந்த வீட்டில் இருக்கும் பழக்கம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதிகம் தெரியாத மாற்றம் உள்ளே நடந்தது. அதுவரை நின்டெண்டோ ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு. டிவி கன்சோலுக்கு ஒரு குழு, கைக்கருவிக்கு ஒரு குழு. ஒன்றுக்குச் செய்த கேம் இன்னொன்றில் ஓடாது. இரண்டு பக்கமும் கேம் கொடுக்க ஆள் போதாமல் வீ யூ பட்டினி கிடந்தது. 2013இல் கருவிகளைச் செய்யும் குழுக்களை ஒன்றாக்கினார்கள், 2015இல் கேம்களைச் செய்யும் பெரிய பிரிவுகளை. அதன் பலன் 2017இல் தெரிந்தது. மார்ச்சில் செல்டா, ஏப்ரலில் மரியோ கார்ட், ஜூனில் ஆர்ம்ஸ், ஜூலையில் ஸ்ப்ளட்டூன் 2, அக்டோபரில் மரியோ ஒடிஸி. வாங்கியவர்களுக்குக் கொட்டாவி விட நேரமில்லை. வீ யூ ஆயுள் முழுக்க விற்றதை ஸ்விட்ச் ஒரு வருடத்துக்குள் தாண்டியது. அப்புறம் 15 கோடியையும் தாண்டிவிட்டது.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஒரே பொருள் காப்பாற்றியது என்று சொல்லலாம், ஆனால் அந்த ஒரே பொருளுக்குள் ஒரு தோல்வியின் கேம்களும், இணைத்த இரண்டு குழுக்களும், முந்தைய வெற்றியின் பணமும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றையும் ஒரு மத்தியானப் பயிற்சி வகுப்பில் கொடுக்க முடியாது என்பதுதான் பயிற்சியாளரின் சங்கடம். உங்கள் நிறுவனம் உங்களிடம் நெகிழ்ச்சியை எதிர்பார்க்கிறதா, உழைப்பையா என்று எனக்குப் புரியவில்லை. முதலில் கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்று கேட்டுப் பாருங்கள்.

உருக்கமான கதைதான் வேண்டும் என்றால் ஒன்று இருக்கிறது. 1984இல் வந்த கோல்ஃப் என்ற பழைய கேமின் நிரலை எழுதியவர் இவாட்டா. 2017இல், ஸ்விட்ச்சுக்குள் அந்த கேமை யாரோ ஒளித்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இவாட்டா இறந்த தேதியான ஜூலை 11 அன்று, தன் காணொளிகளில் அவர் ரசிகர்களை நோக்கி வழக்கமாக இரண்டு கைகளையும் நீட்டுவாரே, அதேபோல் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பிடித்து அசைத்தால் அது திறக்கும்படி வைத்திருந்தார்கள்.

இதைப் பயிற்சியாளரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு ஸ்லைடு போட்டுவிடுவார்.