பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான மாதிரி) வைத்துக் குழந்தைக்குத் தைத்த ஷார்ட்ஸ், உட்கார்ந்தால் பின்னால் இறங்குகிறதே, ஏன்?

பெரும்பாலும் முன்துண்டும் பின்துண்டும் இடம் மாறியிருக்கும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் கவட்டு வளைவு நீளமாகவும் ஆழமாகவும் இருப்பதுதான் பின்துண்டு. வெட்டியதுமே சாக்பீஸால் அதில் ஒரு குறி போட்டுவிடுங்கள். துண்டுகள் சரியாக இருந்தும் இறங்குகிறதா? குழந்தை டயப்பர் போட்டிருந்தால் அப்படித்தான் ஆகும், அடுத்த முறை பின்துண்டின் இடுப்பு விளிம்பை நடுவில் 2 செ.மீ. உயர்த்தி, பக்கத் தையலுக்கு வரும்போது பழைய கோட்டிலேயே சேரும்படி சாய்த்து வெட்டுங்கள்.

அப்புறம், இரண்டு கால்களையும் தனித்தனியாகத் தைத்து, ஒன்றை மட்டும் நல்ல பக்கம் வெளியே தெரியத் திருப்பி மற்றதுக்குள் நுழைத்து, கவட்டுத் தையலை ஒரே ஓட்டமாகப் போடுங்கள். இழுபடும் இடம், இரட்டைத் தையல் அவசியம். எலாஸ்டிக் இடுப்பளவைவிட 3 முதல் 5 செ.மீ. குறைவாக இருந்தால் போதும். ரொம்ப இறுக்கினால் வயிற்றில் தடம் விழும்.