நிபந்தனை வைத்தால் என்ன?

வணக்கம் ஐயா,

அம்மாவுக்கு மாதாமாதம் மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் வருகிறது. மெக்சிகோவில் முன்பும் பிரேசிலில் இப்போதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் பணமாமே, இங்கேயும் அப்படி ஏதாவது நிபந்தனை வைக்கலாமே? சும்மா கொடுத்தால் சனம் வேலைக்குப் போகாது என்று எங்கள் டீக்கடையில் தினமும் பேச்சு.

செந்தில், நாமக்கல்

அன்புள்ள செந்தில்,

டீக்கடைப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் சகாக்களும் 6 நாடுகளில் நடந்த 7 அரசுத் திட்டங்களின் தரவுகளை மறுபடி எடுத்து அலசினார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்று சொல்ல அதில் ஆதாரம் கிடைக்கவில்லை.

நிபந்தனைக்கு வருவோம். மெக்சிகோ 1997இல் ‘புரோகிரேசா’ திட்டத்தைத் தொடங்கியபோது, கிராமத்துப் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிடுவது அங்கே பெரிய சிக்கல். பெண் பிள்ளைகள் இன்னும் அதிகமாக நின்றார்கள். அதனால் வகுப்பு ஏற ஏறத் தொகை கூடியது. அடுத்த கட்டப் பள்ளியில் பையனைவிடப் பெண்ணுக்குச் சற்று அதிகம். வருகை 85 சதவீதம் இருக்க வேண்டும், பணம் அம்மா கையில். பிள்ளை வேலைக்குப் போய்க் கொண்டுவரும் கூலியை ஈடுகட்டும் கணக்கு அது. உங்கள் அம்மாவுக்கு அதே நிபந்தனையை வைத்தால் உங்களைத்தான் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருக்கும்!

நிபந்தனை நமக்கும் புதிதல்ல. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி தவணையாகத்தான் வருகிறது: கர்ப்பத்தைப் பதிந்தால், பரிசோதனைக்குப் போனால், குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால். அங்கே அதற்குப் பொருள் இருக்கிறது.

நிபந்தனையை நிறைவேற்ற முடியாதவர் பெரும்பாலும் ஆகக் கஷ்டத்தில் இருப்பவர். ஆப்பிரிக்க நாடான மலாவியின் சோம்பா மாவட்டத்தில் இளம்பெண்களில் ஒரு பிரிவுக்குப் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடும் இன்னொரு பிரிவுக்கு அது இல்லாமலும் பணம் கொடுத்து ஆய்வாளர்கள் பார்த்தார்கள். படிப்பில் நிபந்தனைதான் ஜெயித்தது. ஆனால் நிபந்தனையில்லாத பிரிவில் இளவயதுக் கல்யாணமும் கர்ப்பமும் குறைந்தன, அதுவும் பள்ளியை விட்டவர்களிடையே. நிபந்தனை வைத்த பிரிவில் பள்ளியை விட்டவளுக்குப் பணமும் நின்றுபோயிருந்தது. பிரேசிலின் ‘போல்சா ஃபமீலியா’ திட்டம் இதில் கொஞ்சம் நிதானம். பிள்ளை வராவிட்டால் முதலில் எச்சரிக்கை மட்டும். அப்புறம் தற்காலிக முடக்கம், நிறுத்திவைப்பு, கடைசியில்தான் ரத்து.

சரி, எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள், ரொட்டி மானியத்தை வெட்டிவிட்டு, ஏறக்குறைய எல்லாருக்கும் தலைக்கு மாதம் 4,55,000 ரியால் கொடுத்தது. அன்றைக்கு அது சுமார் 45 டாலர். நிபந்தனை கிடையாது, யாரும் சோம்பேறியாகவும் இல்லை. ஆனால் விலைவாசி ஏறிக்கொண்டே போக, தொகை வருடக்கணக்கில் அசையவே இல்லை. பத்து வருடத்தில் சந்தை மதிப்பு 5 டாலருக்கும் கீழே போய்விட்டது. எந்த அமைச்சரும் திட்டத்தை நிறுத்துகிறோம் என்று அறிவிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. மெக்சிகோவிலோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலைவாசியைப் பார்த்துத் தொகையைத் திருத்தினார்கள்.

நம் திட்டம் தொடங்கியது 2023 செப்டம்பரில். அந்த 1000 ரூபாயில் அப்போது என்னென்ன வாங்க முடிந்தது, இப்போது எது விடுபடுகிறது என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.