முதியோருக்கு வாங்கும் புரோபயாடிக்: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே சரக்கைப் பற்றியவை: வயதானவர்களைக் குறிவைத்து விற்கப்படும் புரோபயாடிக் மாத்திரை, பொடி, பானம். கடிதங்களைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. ஒரு டப்பாவில் ஆயிரம் கோடி நுண்ணுயிர்கள் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் ஐயாயிரம் கோடி. பெரிய எண் உள்ளதைத்தானே வாங்க வேண்டும்?

பதில்: இல்லை. இந்த எண் விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது, அதனால் பதில் நீளும்.

புரோபயாடிக் என்றால் என்ன என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2001-இல் வரையறுத்தது: போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர். ‘உயிருள்ள’ என்ற சொல்லைக் கவனியுங்கள். டப்பாவுக்குள் இருப்பவை நாளுக்கு நாள் செத்துக்கொண்டே இருக்கின்றன. வெப்பமும் ஈரமும் பட்டால் இன்னும் வேகமாகச் சாகும். முகப்பில் பெரிதாக அச்சிட்ட எண் எந்த நாளின் கணக்கு? பல டப்பாக்களில் பின்பக்கம், மடிப்புக்கு அடியில், ‘தயாரிக்கும்போது’ என்று பொடி எழுத்தில் இருக்கும். அதாவது ஆலையை விட்டு வெளியே வந்த அன்றைய கணக்கு. உங்கள் அம்மா விழுங்கும் அன்று எத்தனை உயிரோடு இருக்கும் என்பதற்கு அந்த டப்பா பொறுப்பேற்கவில்லை. ‘காலாவதி நாள் வரை இத்தனை’ என்று எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள். 74 வயதுக் கண்ணால் படிக்க முடியாத எழுத்தில் இதை அச்சிடுவதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

அடுத்தது ரகம். லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் என்பது ஒரு நுண்ணுயிர் இனத்தின் பெயர். அதற்குப் பின்னால் வரும் ‘ஜிஜி’ என்பதுதான் ஆய்வுக்கு உட்பட்ட ரகம். ஒரு ரகத்தில் கிடைத்த பலன் அதே இனத்தின் மற்றொரு ரகத்தில் கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இனப்பெயரோடு நிறுத்திக்கொண்ட டப்பாவைத் திரும்ப வைத்துவிடுங்கள். ஐயாயிரம் கோடி என்றாலும் வேண்டாம்.

கேள்வி: பொடியைச் சூடான கஞ்சியில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: கூடாது. செத்துவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. பசியே இல்லை, ஆள் மெலிந்துகொண்டே போகிறார். பசியைத் தூண்டும் நல்ல புரோபயாடிக் எது?

பதில்: எதையும் வாங்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முதுமையில் காரணம் தெரியாமல் எடை குறைவதைக் கேப்சூலை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

நான் இதே தவறைச் செய்தவன். என் அம்மா மெலிந்தபோது ‘முதியோருக்கான குடல் நலம்’ என்று எழுதிய விலையுயர்ந்த டப்பாக்களை மாதாமாதம் வாங்கினேன். எட்டு மாதம். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் பார்த்தேன்: ஒவ்வொரு கவளத்தையும் இடது கன்னத்தில் ஒதுக்கி வைத்து, நான் தலையைத் திருப்பும்போது கைக்குட்டையில் எடுத்துவிடுகிறார். பல்செட் தளர்ந்து ஈறு புண்ணாகியிருந்தது. என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று நினைத்து அதைச் சொல்லாமலே இருந்திருக்கிறார். பல்செட்டைச் சரிசெய்த பிறகுதான் சாப்பிட ஆரம்பித்தார். அந்த எட்டு மாதம் அவர் உடம்பில் கரைந்த தசையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே பல், விழுங்குவதில் சிரமம், மருந்துகள், மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட காலம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையோ வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அதையும் கேளுங்கள். புரதத்தைக் கணக்கிடுங்கள்: 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று முதுமை மருத்துவ நிபுணர் குழு ஒன்று 2013-இல் பரிந்துரைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவர் சொல்வதே அளவு.

குடலைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். அயர்லாந்தில் 178 முதியவர்களை ஆராய்ந்து 2012-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். நெடுங்காலப் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் குறைவு. அவர்கள் தட்டில் உணவு வகைகளும் குறைவு. உடல் தளர்ச்சியோடும் இது சேர்ந்தே காணப்பட்டது. எது எதனால் வந்தது என்பதை அந்த ஒரு ஆய்வு முடிவு கட்டவில்லை. ஆனால் உங்கள் பணத்தை எங்கே செலவழிப்பது என்பதற்கு எனக்கு அது போதும்: பயறு, காய், பழம், முழுத்தானியம், முட்டை, மீன், பால். அவரால் மெல்ல முடிகிற பதத்தில்.

கேள்வி: சலுகை விலையில் பன்னிரண்டு டப்பா வாங்கிவிட்டேன். இரண்டு மாதத்தில் காலாவதியாகிறது. அதற்குப் பிறகும் பயன்படுத்தலாமா?

பதில்: காலாவதி நாளைப் பார்க்காமல் உயிருள்ள பொருளைப் பன்னிரண்டு டப்பா வாங்குவதா? பிரிக்காத டப்பாக்களை இன்றே திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். மறுத்தால் நஷ்டம் உங்களுடையது. தீர்க்க வேண்டுமே என்று வீட்டுப் பெரியவருக்கு இரட்டை அளவு கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது, தனியாக இருக்கிறேன். தொலைபேசியில் ஒரு பெண் மிகவும் அன்பாகப் பேசினார். வீட்டிலேயே மலப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். முடிவில் என் குடல் ‘வயதுக்கு மீறிக் கெட்டிருக்கிறது’ என்று வந்தது. அதற்கேற்ற மருந்து என்று மாதாமாதம் கணக்கிலிருந்து பணம் எடுக்கிறார்கள். நிறுத்தச் சொன்னால் இணைப்பைத் துண்டிக்கிறார்கள். பிள்ளைகளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதில்: அம்மா, வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர். தனிமையில் இருப்பவரிடம் அன்பாகப் பேசி, பயமுறுத்தி, பணம் பறிப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். மருத்துவப் படிப்பும் அனுபவமும் உள்ளவர்கள்கூட ஏமாந்திருக்கிறார்கள்.

நாளைக் காலை முதல் வேலையாக வங்கிக்குப் போய், இந்த நிறுவனத்துக்குத் தந்த தொடர் பற்று அனுமதியை ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். நிறுவனத்துக்கும் நிறுத்தச் சொல்லி எழுத்திலேயே அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். இனித் தொலைபேசியில் பேசவே வேண்டாம். இரண்டு நகலோடும் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பில் புகார் கொடுங்கள். உங்கள் குடல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல, ஆரோக்கியமான குடலுக்கான ஒற்றை அளவுகோல் மருத்துவத்தில் இன்னும் இல்லை. ‘கெட்டிருக்கிறது’ என்று வந்த அந்தத் தாளை மனதிலிருந்து தூக்கி எறியுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். வங்கிக்கு ஒருவர் துணையாக வரட்டும்.

கேள்வி: ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வருமென்று மருந்துக் கடையில் புரோபயாடிக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். முதியவர்களுக்குத் தேவையா?

பதில்: சிறிய ஆய்வுகள் சிலவற்றில் பலன் தெரிந்தது. ஆனால் பிரிட்டனில் 65 வயதைக் கடந்த உள்நோயாளிகள் சுமார் மூவாயிரம் பேரை வைத்து நடத்தி, 2013-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான சோதனையில் புரோபயாடிக் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வயிற்றுப்போக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கட்டாயம் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், பெரிய இரத்தக்குழாயில் குழாய் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அந்த நுண்ணுயிரே இரத்தத்தில் கலந்து தொற்றாவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது.

கேள்வி: தயிர் போதாதா?

பதில்: பெரும்பாலோருக்குப் போதும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே கிடைக்கின்றன. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காதவர்களுக்கு உயிருள்ள தயிர் எளிதில் செரிக்கும் என்ற கூற்றை ஐரோப்பிய ஒன்றியமே அனுமதித்திருக்கிறது. உறையவைத்த பின் சூடுபடுத்தப்பட்டது என்று போட்டிருந்தால் அதில் உயிர் இல்லை. பழச்சுவை சேர்த்த புளித்த பால் பானம் என்றால் சர்க்கரை அளவைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: புளித்த பாலால் நூறு வயது வாழலாம் என்று நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானியே சொன்னதாக விளம்பரத்தில் வருகிறதே?

பதில்: மெச்னிகோஃப். 1908-இல் அவருக்குப் பரிசு கிடைத்தது நோய் எதிர்ப்பாற்றல் ஆராய்ச்சிக்காக. புளித்த பாலுக்காக அல்ல. அவர் 1916-இல், 71 வயதில் காலமானார். புரோபயாடிக் மனித ஆயுளை நீட்டும் என்று எந்தச் சோதனையும் நிரூபிக்கவில்லை.

கேள்வி: மாமியாருக்கு மலச்சிக்கல். நார்ச்சத்துப் பொடியை இரவு படுக்கும்போது ஒரு மடக்குத் தண்ணீரில் கொடுக்கிறேன். இன்னும் கெட்டியாகிவிட்டது. வேறு பிராண்ட் வாங்கட்டுமா?

பதில்: அப்படிக் கொடுப்பதை இன்றிரவே நிறுத்துங்கள். அந்தப் பொடி தண்ணீரை உறிஞ்சி உப்பும். தண்ணீர் போதாவிட்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்த நிலையில், படுப்பதற்கு வெகு முன்பே கொடுக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவர் என்றால் கொடுக்கவே கூடாது. மலச்சிக்கல் புதிதாக வந்தது என்றாலோ, இரத்தம் தென்பட்டாலோ கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.