டாஸ்க்குகளுக்கு இடையே ஆடியோவைத் துண்டு துண்டாகக் கடத்துவது: கேள்வி பதில்

மைக்கில் வரும் ஒலியை ஒரு டாஸ்க் (தனியாக ஓடும் ஒரு நிரல் பகுதி) வாங்கி இன்னொரு டாஸ்க்குக்குக் கைமாற்றுவது பற்றி நிறையக் கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பலரும் ஃப்ரீஆர்டிஓஎஸ் (சிறிய சிப்களில் ஓடும் இயங்குதளம்) வைத்துக் கேட்டிருப்பதால் அதை ஒட்டியே பேசுகிறேன்.

கேள்வி: 16 கிலோஹெர்ட்ஸ் மைக். இன்டரப்டில் (வன்பொருள் சிபியுவை இடைமறித்துக் கூப்பிடும்போது) ஒவ்வொரு சாம்பிளாக (ஒலியின் ஒரு அளவீடு) எடுத்துக் கியூவில் (டாஸ்க்குகளுக்கு இடையே தரவைக் கடத்தும் வரிசை) போடுகிறேன், இன்னொரு டாஸ்க் அதை வாங்குகிறது. சிபியு மூச்சுத் திணறுகிறது. கியூ அவ்வளவு மெதுவா?

கியூ மெதுவில்லை, நீங்கள் அதை நொடிக்கு 16,000 முறை கூப்பிடுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் இன்டரப்ட், நகலெடுப்பு, தூங்கும் டாஸ்க்கை எழுப்புவது, டாஸ்க் மாற்றம், எல்லாம் வெறும் 2 பைட்டுக்காக. சேகரிக்கும் வேலையை டிஎம்ஏ-விடம் (சிபியு இல்லாமலே தரவை மெமரியில் சேர்க்கும் வன்பொருள்) விட்டுவிடுங்கள். ஒரு பஃபரை (தற்காலிகச் சேமிப்பிடம்) இரண்டு பாதியாக வைத்து, முதல் பாதி நிறைந்ததும் ஓர் இன்டரப்ட், இரண்டாவது நிறைந்ததும் இன்னொன்று என்று சுற்ற விட்டால், டிஎம்ஏ ஒரு பாதியை நிரப்பும்போது மற்ற பாதி உங்கள் கையில் இருக்கும். பாதிக்கு 10 மில்லிசெகண்ட் என்றால் 160 சாம்பிள், 320 பைட். நொடிக்கு 100 இன்டரப்ட்தான், சிறிய சிப்கூட அலட்டிக்கொள்ளாது.

கேள்வி: துண்டின் அளவை எப்படி முடிவு செய்வது? எல்லோரும் 512, 1024 என்று வைக்கிறார்களே?

அடுத்து அதை வாங்கப்போவது யார் என்று பார்த்து வையுங்கள். ஒலியைச் சுருக்கும் ஓபஸ் என்கோடருக்கு 20 மில்லிசெகண்ட் ஃபிரேம் கொடுப்பதாக இருந்தால் 16 கிலோஹெர்ட்ஸில் 320 சாம்பிள் வேண்டும். நீங்கள் 512 எடுத்தால் முதல் முறை 192 மிச்சம், பிறகு ஒவ்வொரு முறையும் வேறு அளவு, அதைப் பத்திரப்படுத்த இன்னொரு பஃபர், அதற்கொரு கணக்கு, அங்கேதான் பிழை குடியேறும். டிஎம்ஏ பாதியை 160 அல்லது 320 என்று வைத்தால் இந்தத் தலைவலியே கிடையாது. பேசுகிறவர் தன் குரலைத் தானே ஹெட்போனில் கேட்க வேண்டிய கருவி என்றால் துண்டு சின்னதாக இருக்கட்டும். வெறும் பதிவு என்றால் பெரிதாகவே வைக்கலாம்.

கேள்வி: கியூவா, ஸ்ட்ரீம் பஃபரா, மெசேஜ் பஃபரா? எதைத்தான் எடுப்பது?

ஸ்ட்ரீம் பஃபருக்குத் துண்டு எது, எல்லை எது என்றெல்லாம் தெரியாது, வரிசையாக பைட்டுகள், அவ்வளவுதான். மெசேஜ் பஃபர் அதன் மேலேயே கட்டியது, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் நீளத்தைச் சேர்த்து வைக்கும், அதனால் அளவு மாறிக்கொண்டே இருக்கும் என்கோட் செய்த பாக்கெட்டுகளுக்கு நல்லது. இரண்டிலுமே எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்பதுதான் விதி. மைக்கை ஒரே நேரத்தில் இரண்டு டாஸ்க் படிக்க வேண்டும் என்றால் ஆளுக்கொரு பஃபர் கொடுங்கள்.

ஆனால் ஒலி மூன்று நான்கு கட்டங்களைத் தாண்டிப் போகிறது என்றால் நான் பாயிண்டர் கியூவைத்தான் (துண்டையே அல்ல, அதன் மெமரி முகவரியை மட்டும் கடத்துவது) எடுப்பேன். தொடக்கத்திலேயே எட்டுப் பத்துத் துண்டுகளுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, காலித் துண்டுகளுக்கு ஒரு கியூ, நிறைந்தவற்றுக்கு ஒரு கியூ. எழுதுபவர் காலியை எடுத்து நிரப்பி நிறைந்த கியூவில் பாயிண்டரைப் போடுவார், படிப்பவர் வேலை முடிந்ததும் காலிக் கியூவுக்குத் திருப்பித் தருவார். ஒலித் தரவு ஒருமுறைகூட நகலாவதில்லை. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: எந்த நொடியில் கேட்டாலும் இந்தத் துண்டு இப்போது யார் கையில் இருக்கிறது என்பதற்கு ஒரே பதில்தான் இருக்கும். பாயிண்டரை அனுப்பிய பிறகு அந்த மெமரியைத் தொடவே கூடாது, படிக்கவும் கூடாது. இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினைகள் வராது.

கேள்வி: 2048 பைட் அரேயில் ஸ்ட்ரீம் பஃபரை ஸ்டாட்டிக்காக (மெமரியை நானே கொடுத்து) உருவாக்கினேன். கொஞ்ச நேரம் நன்றாக ஓடுகிறது, திடீரென்று ஒரே இரைச்சல், ரீசெட் செய்தால்தான் சரியாகிறது.

ரீசெட் வரை தீராத இரைச்சல் என்றால் முதலில் சாம்பிள் எல்லை நழுவிவிட்டதா என்று பாருங்கள். ஸ்டாட்டிக்காக உருவாக்கும்போது அந்த அரேயில் ஒரு பைட்டை ஃப்ரீஆர்டிஓஎஸ் பயன்படுத்துவதில்லை, ஆகவே உங்கள் 2048-இல் கொள்வது 2047. ஒற்றைப்படை! படிக்கும் டாஸ்க் ஒருமுறை தாமதமாகி பஃபர் நிரம்பினால், அனுப்பும் ஃபங்ஷன் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவை மட்டும் எழுதிவிட்டு அந்த எண்ணைத் திருப்பித் தரும். அதை நீங்கள் பார்க்கவில்லை என்றால் ஒரு சாம்பிளின் பாதி உள்ளே போயிருக்கும், மறு பாதி தொலைந்திருக்கும். அதற்குப் பின் வரும் எல்லாவற்றிலும் மேல் பைட்டும் கீழ் பைட்டும் தப்பாக ஜோடி சேரும். ஸ்டீரியோவில் 2 பைட் நழுவினால் ஒலி தெளிவாகவே இருக்கும், ஆனால் இடதும் வலதும் இடம் மாறிவிடும்.

தீர்வு: எழுதுவதற்கு முன் காலி இடம் எவ்வளவு என்று கேளுங்கள். முழுத் துண்டுக்கு இடம் இல்லையா, முழுத் துண்டையும் விட்டுவிடுங்கள், பாதி எழுதாதீர்கள். விட்ட துண்டுகளுக்கு ஒரு கவுன்ட்டர் கட்டாயம் வையுங்கள். அரேயின் அளவைத் துண்டின் மடங்கு கூட்டல் 1 என்று வைத்தால் இன்னும் நிம்மதி.

கேள்வி: ஸ்ட்ரீம் பஃபரின் டிரிகர் லெவல் (தூங்கும் டாஸ்க்கை எழுப்பத் தேவையான பைட் அளவு) 640 என்று வைத்திருக்கிறேன், ஆனாலும் சில நேரம் 200 பைட்டுடனே திரும்பி வருகிறது.

அது பிழை இல்லை. பஃபர் காலியாக இருந்து உங்கள் டாஸ்க் தூங்கினால் மட்டும்தான் டிரிகர் லெவல் பார்க்கப்படும். நீங்கள் கேட்கும்போதே ஏதாவது இருந்தால் இருப்பதைக் கொடுத்து உடனே அனுப்பிவிடும், நேரம் தீர்ந்தாலும் அப்படித்தான். 640 சேரும்வரை லூப் போட்டு வாங்குங்கள். பதிப்பு 11.1-இல் இதற்கென்றே ஸ்ட்ரீம் பேட்சிங் பஃபர் வந்திருக்கிறது, அதில் லெவலை எட்டும்வரை காத்திருக்கும்.

கேள்வி: எஸ்டி கார்டில் பதிவு செய்கிறேன், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ. கார்டின் வேகம் தாராளமாகப் போதும், ஆனாலும் அவ்வப்போது விட்டுவிட்டு வருகிறது.

சராசரி வேகத்தைப் பார்க்காதீர்கள், கார்டு அதிகபட்சம் எவ்வளவு நேரம் முடங்கும் என்று பாருங்கள். உள்ளே பிளாக்குகளை அழித்து ஒழுங்குபடுத்தும் வேளையில் கார்டு கொஞ்ச நேரம் பேசாது. எஸ்டிஎச்சி கார்டுக்கு ஒரு எழுத்துக்கு 250 மில்லிசெகண்ட் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். 16 பிட்டில் உங்களுக்கு நொடிக்கு 1,92,000 பைட் வருகிறது, கால் நொடிக்கு 48,000. அதற்குக் குறைவாக பஃபர் வைத்தால் என்றாவது ஒருநாள் நிரம்பியே தீரும். அதற்கு மேலும் கொஞ்சம் கையிருப்பு வையுங்கள். கார்டில் எழுதுவது தனி டாஸ்க், மைக் டாஸ்க்கைவிடக் குறைந்த முன்னுரிமை. 512-இன் மடங்காக, முடிந்தால் 4096-க்குக் குறையாமல் எழுதுங்கள். பஃபர் இதுவரை அதிகபட்சம் எவ்வளவு நிரம்பியது என்ற எண்ணைச் சேமித்து, முழு இரவு ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். ஊகத்தைவிட அந்த ஒரு எண் மேல்.

கேள்வி: டீபக் செய்யப் பிரின்ட் போட்டதும் ஒலி உடைகிறது, எடுத்துவிட்டால் சரியாகிறது.

சீரியல் போர்ட்டில் 115200 பாட் (நொடிக்கு இத்தனை பிட்) வேகத்தில் 80 எழுத்து போக ஏறக்குறைய 7 மில்லிசெகண்ட் ஆகும். உங்கள் துண்டே 10 மில்லிசெகண்ட். ஆடியோ பாதையில் கவுன்ட்டரை மட்டும் கூட்டுங்கள், அச்சிடுவதை வேறு டாஸ்க் நொடிக்கு ஒருமுறை செய்யட்டும்.

கேள்வி: எஸ்டிஎம்32எச்7 சிப்பில் பழைய ஒலியே திரும்பத் திரும்ப வருகிறது.

கேஷ், அதாவது சிபியு தன் பக்கத்திலேயே நகல் வைத்துக்கொள்ளும் வேகமான மெமரி. டிஎம்ஏ மெமரியில் புதிதாக எழுதியிருக்கும், சிபியு கேஷில் இருக்கும் பழையதைப் படிக்கும். படிப்பதற்கு முன் அந்தப் பகுதியை இன்வாலிடேட் செய்யுங்கள் (கேஷில் உள்ள நகலைச் செல்லாததாக்குவது), ஸ்பீக்கருக்கு அனுப்புவதற்கு முன் கிளீன் (கேஷில் உள்ளதை மெமரியில் எழுதுவது). பஃபர் 32 பைட் எல்லையில் தொடங்கி 32-இன் மடங்காக இருக்கட்டும், இல்லையென்றால் பக்கத்து வேரியபிளும் சேர்ந்து கெடும். அப்புறம் டிடிசிஎம் என்ற, சிபியுவோடு நேரடியாக இணைந்த மெமரிப் பகுதியை டிஎம்ஏ1, டிஎம்ஏ2 தொடவே முடியாது, பஃபரை அங்கே வைக்காதீர்கள்.

கேள்வி: வைஃபையில் வரும் ஒலியை ஸ்பீக்கரில் கொடுக்கிறேன். நன்றாக ஓடும், மணிக்கணக்கில் விட்டால் ஒரு இடத்தில் துண்டிக்கிறது. பஃபரைப் பெரிதாக்கினேன், பிறகும் வருகிறது, ஆனால் தாமதமாக.

அனுப்புகிற கருவியின் கடிகாரத்தை ஓட்டும் கிரிஸ்டலும் உங்கள் கிரிஸ்டலும் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடாது. 50 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 50) வித்தியாசம் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு 2.4 சாம்பிள், ஒரு மணி நேரத்தில் 8,640 சாம்பிள், அதாவது 180 மில்லிசெகண்ட். எவ்வளவு பெரிய பஃபரும் இதைத் தள்ளித்தான் போடும். பஃபர் பாதி நிறைந்திருப்பதை இலக்காக வைத்து, அதன் அளவைச் சராசரியாகக் கவனித்து, மேலே ஏறினால் உங்கள் ஆடியோ பிஎல்எல்-ஐக் (ஆடியோ கடிகாரத்தை உருவாக்கும் சுற்று) கொஞ்சம் வேகமாக்குங்கள், இறங்கினால் மெதுவாக்குங்கள். சிப்பில் அந்த வசதி இல்லையென்றால் ரீசாம்பிளரின் (சாம்பிள் வேகத்தை மாற்றும் நிரல்) விகிதத்தை அதே முறையில் மெல்ல மாற்றுங்கள். சட்டென்று மாற்றினால் சுருதி ஆடுவது காதில் விழும்.